கட்டிக்குப் பக்கத்து பிளாக்

வேலூரில் ஒரு தனியார் பேத்தாலஜி லேபில் பல வருஷம் திசு வெட்டுகிற வேலையில் இருந்தேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் உறுப்பு வரும். டாக்டரம்மா அதை கிராஸிங் மேஜையில் வைத்து அறுத்து, வேண்டிய துண்டுகளை எடுத்துக் கொடுப்பார். அந்தத் துண்டை மெழுகில் பதித்து பிளாக் போட்டு, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு அவர் மேஜைக்குத் திருப்பி அனுப்புவது என் பாடு. பித்தப்பை, குடல்வால், கர்ப்பப்பை எல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடக்கும். ஆணின் விதை (விரை) வந்தால் மட்டும் மேஜையைச் சுற்றி நிற்கிற ஆம்பிளைகள் கொஞ்சம் கால் மாற்றி நிற்போம். டாக்டரம்மா ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பார்.

விதையை நெடுக்காகப் பிளந்தால் நல்ல பகுதி இளம் பழுப்பாக இருக்கும். சாமணத்தால் கிள்ளி இழுத்தால் இழை இழையாகப் பிரிந்து வரும். விந்து உண்டாகிற நுண்குழல்கள் அவை. கட்டி இருக்கிற இடம் அப்படிப் பிரியாது. செமினோமா என்கிற விதைப் புற்று வகை என்றால் வெட்டின முகம் வெளிறி, ஒரே சீராக, லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். மற்ற வகைகளில் ரத்தம் கட்டின திட்டும் நீர்க்குமிழியும் செத்துப்போன மஞ்சள் பகுதியும் கலந்து கிடக்கும். பல வகைத் திசு கலந்து வரும் டெரட்டோமாவாக இருந்தால் சில இடத்தில் கத்தி நறநறவென்று அரைபடும். உள்ளே குருத்தெலும்பு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் எவனாக இருந்தாலும் கட்டியிலேயே கண்ணாக இருப்பான். டாக்டரம்மா விட மாட்டார். "கட்டிய யார் வேணா பாப்பாங்க. அதுக்குப் பக்கத்துல நல்லாயிருக்கிற மாதிரி தெரியுதே, அதுல ஒரு பிளாக் எடு" என்பார். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கட்டி, கட்டியை ஒட்டின திசு, விந்துக்குழாயோடு வரும் கயிற்றின் வெட்டு முனை என்று எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். ஆனால் அவர் அந்தப் பக்கத்து பிளாக்கின் மேல் வைத்திருந்த ஆசை புத்தகத்துக்கு மேலே. நான் இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கும் அந்த பிளாக்தான் காரணம்.

ஆரோக்கியமான நுண்குழலின் குறுக்குவெட்டைப் பார்த்தால், ஓரத்துச் சவ்விலிருந்து நடுத்துவாரம் வரை செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஓரத்தில் இளசு. உள்ளே வர வர முதிர்ந்து, நடுவில் வாலோடு விந்தணு. கட்டிக்கு ஒட்டின குழல்களில் பெரும்பாலும் இந்த அடுக்கே இருக்காது. குழல் சிறுத்து, சவ்வு தடித்துப் போயிருக்கும். சவ்வை ஒட்டி வரிசையாகப் பெரிய பெரிய செல்கள் உட்கார்ந்திருக்கும். கறுத்த பெரிய உட்கரு, அதைச் சுற்றிலும் தெளிந்த வெளி. அவை பிடித்துக்கொண்ட இடத்தில் இருந்திருக்க வேண்டிய, விந்துச் செல்லை ஊட்டி வளர்க்கிற செர்டோலி செல்கள் நடுப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும். அங்கங்கே ஊதா நிறத்தில் வளையம் வளையமாகச் சுண்ணாம்புத் துகள். சில குழல்களில் விந்துச் செல் ஒன்றுகூட இல்லாமல், பக்குவப்படாத செர்டோலி செல்கள் மட்டும் நிற்கும். ஆக, அந்தக் கட்டி ஒரு நல்ல விதைக்குள் திடீரென்று முளைத்ததல்ல. அது முளைத்த இடமே நெடுநாளாகச் சரியில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய செல்களை முதலில் இனம் கண்டு எழுதியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகனைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்காக்கபெக். 1972ல் லான்செட் இதழில் வந்தது. குழந்தையில்லை என்று வந்த இரண்டு ஆண்களின் விதைத் திசுவில் இந்தச் செல்களைப் பார்த்தார். பின்னால் இருவருக்கும் புற்று வந்தது. இன்று அதற்கு ஜி.சி.என்.ஐ.எஸ். என்று பெயர்; குழலை விட்டு வெளியேறாத ஆரம்ப நிலை என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம். 2016ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஏறிய பெயர். நான் இங்கே முன்நிலைச் செல் என்றே எழுதுகிறேன். இந்தச் செல் குழலுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால், 5 வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது சுவரை உடைத்துக்கொண்டு கட்டியாகிவிடும்.

இதில் ஆச்சரியம் அந்தச் செல்லின் வயது. ஆக்ட்-4, கிட் போன்ற புரதங்களுக்கான பழுப்புச் சாயம் போட்டால் அவை பளிச்சென்று ஏற்கும். வளர்ந்த ஆணின் விதையில் ஆக்ட்-4க்கு எந்தச் செல்லும் ஏற்கக் கூடாது. அது கருவில் இருக்கும் இனச்செல்லின், அதாவது பின்னால் விந்தணுவோ சினைமுட்டையோ ஆகப்போகிற செல்லின், அடையாளம். இருபத்தைந்து வயது ஆளுக்குள்ளே, அவன் தாய் வயிற்றில் இருந்த காலத்துச் செல் ஒன்று வளராமல் அப்படியே இருந்திருக்கிறது.

அது ஏன் வளரவில்லை என்று கேட்டால்தான் பக்கத்து பிளாக்கின் அருமை தெரியும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விதையில் வரும் புற்றில் 100க்கு 95 இந்த இனச்செல் கட்டிகள்தான். 15 முதல் 40 வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும். டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் 10 பேரை ஒட்டி. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் கீழே. 1974ல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, நுரையீரல் வரை பரவினவர்களில்கூடப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வலி இல்லாமல், விதை கல் மாதிரி கெட்டிப்பட்டால் நாள் கடத்தாமல் காட்ட வேண்டும். இவ்வளவு போதும்.

எனக்கு நினைவில் நிற்கிற பையன் ஆம்பூர்ப் பக்கம், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவன். கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டதால் வந்தது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். வருகிற எல்லாருமே ஏதாவது ஒரு அடியைச் சொல்வார்கள். வண்டி டேங்க் இடித்தது, மாடு முட்டியது. அடிபட்டதால் புற்று வருவதில்லை. அடிபட்ட பிறகுதான் கை வைத்துப் பார்க்கிறார்கள், அப்போதுதான் தட்டுப்படுகிறது.

இனச்செல்களின் கதை விதையில் ஆரம்பிப்பதில்லை. கரு உண்டாகி மூன்று நான்கு வாரத்தில் அவை கரு உணவுப்பையின் சுவரில் கொஞ்சம் பேராக இருக்கின்றன. அங்கிருந்து பின்குடல் வழியாக ஊர்ந்து, சிறுநீரகம் உருவாகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, விதையாகவோ சினைப்பையாகவோ ஆகப்போகிற இனமேட்டுக்கு வந்து சேர வேண்டும். வழி நெடுகச் சுற்றியுள்ள சாதாரணத் திசுச் செல்கள் கிட் லிகண்ட் என்ற புரதத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இனச்செல்லின் மேல் இருக்கும் கிட் என்ற ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். அது கிடைத்தால் உயிர். வழி தவறினால், கிடைக்காமல் பெரும்பாலும் செத்துப்போகும். தப்பிப் பிழைத்ததுதான் பின்னாளில் தொந்தரவு. நெஞ்சுக்கூட்டின் நடுவிலும், மூளையில் பீனியல் சுரப்பியருகிலும், முதுகெலும்பு முடியும் இடத்திலும் இதே வகைக் கட்டிகள் வருகின்றனவே, எல்லாம் உடம்பின் நடுக்கோட்டில்தான் வருகின்றன.

இடம் வந்து சேர்ந்த பிறகும் அந்தச் செல்லுக்குச் சொந்த முடிவு கிடையாது. ஆணாகப் போகிற கருவில் ஆறேழு வாரத்தில் ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு விழிக்கிறது. விழிக்கும் இடம் இனச்செல் அல்ல. அதைச் சூழ்ந்துகொள்கிற துணைச்செல்கள். அவைதான் செர்டோலி செல்களாகின்றன. 1865ல் இத்தாலியின் என்ரிகோ செர்டோலி இருபதுகளின் தொடக்கத்திலேயே இந்தச் செல்களைக் கண்டு எழுதினார். ஆணுக்குரிய குரோமோசோம் கொண்ட எலியின் இனச்செல் வழி தவறி அட்ரினல் சுரப்பியில் போய் உட்கார்ந்தால் அது சினைமுட்டையாக மாறப் பார்க்கும். ஆன் மெக்லாரன் போன்றவர்களின் எலி ஆராய்ச்சியிலிருந்து இது தெளிவாகியிருக்கிறது. இனச்செல்லின் ஆண் பெண் என்பதை அக்கம்பக்கம்தான் முடிவு செய்கிறது. கருவில் இருக்கும் விதையில் செர்டோலி செல்கள் ரெட்டினாயிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கி, இனச்செல் அவசரப்பட்டுக் குன்றல் பிரிவுக்குள் (குரோமோசோமைப் பாதியாக்கிக்கொள்ளும் பிரிவு) போய்விடாமல் தடுத்து வைக்கின்றன. பிறகு மெல்ல மெல்ல அதன் கருக்காலக் குணத்தை விட வைத்து, விந்தணுவுக்கு மூலமான ஸ்பெர்மட்டோகோனியாவாக ஆக்குகின்றன.

சங்கப் பாட்டில் தலைவியை வளர்க்கிற செவிலித்தாய் உண்டே, செர்டோலி செல்லின் வேலை ஏறக்குறைய அதுதான். பெற்றவள் அல்ல, ஊட்டி, காவல் காத்து, பருவம் வரும்வரை உடன் இருப்பவள். அவளே பக்குவப்படாமல் இருந்தால் அவள் கையில் இருக்கிறது குழந்தையாகவே நின்றுபோகும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் முன்நிலைச் செல் அப்படி நின்றுபோனது. அதோடு, அங்கே கிட் லிகண்ட் தேவைக்கு மேல் வந்துகொண்டிருந்தால், சாக வேண்டிய செல் சாகாமலும் இருந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் உண்டு. 2009ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில், விதைப் புற்று வந்தவர்களின் மரபணு முழுவதையும் வராதவர்களோடு ஒப்பிட்டு எழுதின. மற்ற எல்லாவற்றையும்விட உரத்து நின்ற இடம் 12ஆம் குரோமோசோமில் கிட் லிகண்ட் மரபணுவை ஒட்டியது. புற்றாகிற செல்லின் மேல் இருப்பது கிட். அதற்கு உணவு போடுகிற பக்கத்துச் செல் சுரப்பது கிட் லிகண்ட். குற்றவாளியைத் தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது பக்கத்து வீட்டு விலாசம். வேறு புற்றுகளில் ஆயிரக்கணக்கில் மரபணுத் திரிபுகள் குவிந்து கிடக்கும். இந்தக் கட்டிகளில் திரிபுகள் மிகக் குறைவு. 12ஆம் குரோமோசோமின் குட்டைக் கை என்கிற சிறிய பக்கம் கூடுதலாகச் சேர்வது ஒன்றுதான் ஏறக்குறைய எல்லாக் கட்டியிலும் இருக்கிறது; அதுவும் செல் குழலை விட்டு வெளியேறுகிற கட்டத்தோடு சேர்ந்து வருவது. குழலுக்குள்ளே அத்தனை வருஷம் அது எப்படிக் கிடந்தது என்பதற்கு, செல்லுக்குள் நடந்த விபத்து மட்டும் விடையாக முடியாது.

எலிக் கதை ஒன்று. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1950களில் லெராய் ஸ்டீவன்ஸ் என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். சிகரெட்டில் கெடுதல் புகையிலையாலா காகிதத்தாலா என்று பார்க்க ஒரு புகையிலைக் கம்பெனி கொடுத்த பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. அவர் கண்ணில் பட்டதோ 129 என்ற வம்சத்து எலி ஒன்றின் வீங்கிய விதைப்பை. உள்ளே முடி, எலும்பு, தசை எல்லாம் கலந்த டெரட்டோமா. அந்த வம்சத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு அப்படி வந்தது. சிகரெட்டை ஓரமாக வைத்துவிட்டு மிச்ச உத்தியோக காலம் முழுக்க அவர் இதையே தோண்டினார். எலிக் கருவின் இனமேட்டை எடுத்து வளர்ந்த எலியின் விதைக்குள் ஒட்டினால் டெரட்டோமா எக்கச்சக்கமாக உண்டானது. புற்றே இல்லாத, ஆரம்ப நிலைக் கருவை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது கட்டியானது. இடம் மாறினதைத் தவிர அந்தக் கருவுக்கு வேறொன்றும் நேரவில்லை.

இதைத் திருப்பிப் போட்டுக் காட்டியவர்கள் பிலடெல்ஃபியாவில் பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சேயும், 1975ல். ஸ்டீவன்ஸின் எலிக் கட்டியிலிருந்து வந்த செல்களை எட்டு வருஷம் எலி வயிற்றுக்குள்ளேயே மாற்றி மாற்றி வளர்த்து வைத்திருந்தார்கள். விட்டால் எலியைக் கொன்றுவிடும் செல்கள். அவற்றில் நாலைந்தை எடுத்து, வேறு நிற எலியின் சில நாள் வயதுக் கருவுக்குள் ஊசி மூலம் செலுத்தி, வளர்ப்புத் தாய் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தவை ஆரோக்கியமான எலிகள். தோலில் இரண்டு வம்சத்து நிறமும் கலந்திருந்தது; ரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் புற்றுச் செல்லின் வாரிசுகள் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு ஆண் எலி அந்தச் செல்களிலிருந்து வந்த விந்தணுவால் குட்டிகளுக்குத் தகப்பனும் ஆனது. இல்மென்சேயின் பிற்கால குளோனிங் வேலைகள் பெரிய சர்ச்சையில் மாட்டின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தை வேறு குழுக்களும் தனித்தனியாகச் செய்து காட்டியிருக்கின்றன.

எலியைக் காட்டி மனிதனுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. எலிக்கு வருவது, நம் கைக்குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் டெரட்டோமாவுக்கு நெருக்கமானது. இளைஞர்களுக்கு வரும் செமினோமா எலிக்கு வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது என்று நான் நினைப்பது ஜெர்மனியின் பான் நகரத்து வேலை. ஜப்பானில் ஒரு நோயாளியின் செமினோமாவிலிருந்து உண்டாக்கிய டி-கேம்-2 என்ற செல் வரிசையை இரண்டு விதமாக எலிக்குள் வைத்தார்கள். விதையின் நுண்குழலுக்குள் வைத்தபோது அவை முன்நிலைச் செல் மாதிரியும் செமினோமா மாதிரியும் அடங்கி இருந்தன. அதே செல்லை விலாப்புறத்தில் தோலுக்கு அடியில் வைத்தபோது எம்ப்ரியோனல் கார்சினோமா என்கிற முரட்டு வகையாக மாறிவிட்டன. தோலடியில் பி.எம்.பி. என்கிற சமிக்ஞை அடங்கிப்போக, நோடல் என்கிற சமிக்ஞை எழும்ப, சாக்ஸ்-17 என்ற புரதம் போய் சாக்ஸ்-2 என்ற புரதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செல்லின் ஜாதகம் ஒன்றுதான். வாடகைக்குக் குடியிருந்த வீடுதான் வேறு.

எங்கள் ரிப்போர்ட்டுகளில் 'கலப்புக் கட்டி: செமினோமா இவ்வளவு சதவீதம், எம்ப்ரியோனல் இவ்வளவு சதவீதம்' என்று டைப் ஆகிப் போகும்போது இது எப்படி ஒரே ஆளுக்குள் இரண்டாக இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. பான் ஆராய்ச்சியைப் பற்றி டாக்டரம்மா சொன்ன பிறகு அது அவ்வளவு வினோதமாகத் தெரியவில்லை.

வேறொரு சான்று பிறவியிலேயே இனச்சுரப்பி சரியாக உருவாகாத, ஆனால் ஒய் குரோமோசோம் இருக்கிற பிள்ளைகளிடமிருந்து வருகிறது. அவர்களுடைய சுரப்பியில் சுற்றியுள்ள துணைச்செல்கள் செர்டோலிக் குணத்தில் இருந்தால், நின்றுபோன இனச்செல் முன்நிலைச் செல்லாகிறது. துணைச்செல்கள் சினைப்பைக் குணத்தில் இருந்தால் அதே மாதிரிச் செல் கொனடோபிளாஸ்டோமா என்ற வேறு உருவம் எடுக்கிறது. இதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் என்னைக் கேட்டால் எலிகளைவிட இது வலுவான சாட்சி.

2001ல் ஸ்காக்கபெக் இதையெல்லாம் ஒரே சரட்டில் கோத்தார். விதை இறங்காமல் இருப்பது, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி இருப்பது, விந்தணு குறைவு, விதைப் புற்று: நான்குக்கும் வேர் ஒன்று, கருவில் செர்டோலி செல்லும் ஆண் ஹார்மோன் சுரக்கிற லெய்டிக் செல்லும் சரியாக வேலை செய்யாதது என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. கருவில் இருக்கும் எலிகளுக்கு, பிளாஸ்டிக்கில் சேர்க்கிற தாலேட் ரசாயனம் போகும்படி செய்தால் முதல் மூன்றும் வருகின்றன, புற்று வரவில்லை. மரபின் பங்கு பெரிது என்பதும் தெரிந்ததுதான். இன்னொரு பக்கம், பின்லாந்தில் பிறந்து சுவீடனுக்குக் குடிபோனவர்களுக்குப் பின்லாந்தின் குறைந்த ஆபத்தே நீடிக்கிறது. சுவீடனில் பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கோ சுவீடன்காரர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரு தலைமுறையில் மரபணு மாறாது. பிறந்த மண்ணிலோ கருவிலோ ஏதோ நடக்கிறது என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

ஆனால் இந்தக் கருத்தை நம் ஊரில் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்த ஆம்பூர்ப் பையனின் ரிப்போர்ட்டை வாங்க அவன் அம்மாவும் அத்தையும் வந்திருந்தார்கள். பந்து பட்டதால் வந்ததில்லை, கருவில் இருக்கும்போதே விழுந்த குறை என்று டாக்டரம்மா அவர்களுக்குப் புரியும்படி சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, அத்தை அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன் இல்ல? மாசமா இருக்கச் சொல்லோ பப்பாளி துன்னாத துன்னாதன்னு. கேட்டியா நீ?"

அம்மா வாயே திறக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பப்பாளிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. அவங்க எதுவும் பண்ணி இது வரல. உங்க தம்பி வழியா வந்ததாகூட இருக்கலாம், அவரப் போய்க் கேப்பீங்களா?"

அத்தை கப்சிப். அதற்குப் பிறகு டாக்டரம்மா வீட்டு ஆட்களிடம் கரு என்ற பேச்சையே எடுப்பதில்லை. "பொறக்கும்போதே உள்ள இருந்தது" என்று மட்டும் சொல்வார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சுற்றுச்சூழல் என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதுவது நம் வீடுகளில் வந்து சேரும்போது அம்மா தலையில்தான் இறங்குகிறது. செர்டோலி செல் பக்குவப்படாமல் போனதற்கு எந்த ஒரு பெண்ணின் சாப்பாட்டையும் நடத்தையையும் யாரும் காரணமாக நிரூபித்ததில்லை.

பையன் தோல் தொழிலில் இருந்தவன் என்பதால் இன்னொரு கேள்வியும் வந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரை நெடுக இந்தத் தொழிலை நம்பித்தான் ஜனங்கள் இருக்கிறார்கள். தொழிலின் மேல் சந்தேகம் வருவது இயல்பு. அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஃபுல்டன் கவுண்டியில், தோலுக்குக் கடைசி மெருகு ஏற்றும் ஒரே ஆலையில் வேலை செய்த மூன்று பேருக்கு விதைப் புற்று வந்தது. அங்கே கரைப்பானாகப் பயன்பட்ட டைமெத்தில்ஃபார்மமைடு மேல் பழி விழுந்தது. 2018ல் வெளிவந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு அந்த ரசாயனத்தை 'அநேகமாகப் புற்று உண்டாக்கும்' என்ற வரிசையில் வைத்தது. மனிதர்களிடம் விதைப் புற்றுக்கான ஆதாரம் குறைந்த அளவில்தான் இருக்கிறது என்றும் சொன்னது. அந்தக் கரைப்பானோடு புழங்குகிறவர்களுக்குக் கையுறையும் காற்றோட்டமும் கொடுக்க ஈரலுக்கு அது செய்யும் கெடுதல் ஒன்றே போதுமான காரணம். ஆனால் இந்தப் பையன் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். இருபது வருஷத்துக்கு முன்னால் கருவில் நின்றுபோன செல்லுக்கு நேற்றைய ஷிப்ட்டைக் காரணம் சொல்வது கஷ்டம்.

பிறந்த பிறகு அக்கம்பக்கத்துக்கு ஒரு பங்கும் இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு நல்ல ஆதாரம் இறங்காத விதை. பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்கு 2 முதல் 4 பேருக்கு ஒரு விதையாவது பைக்குள் வந்திருக்காது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே இறங்கிவிடும். அதற்கு மேல் இறங்காததை அறுவை செய்து இறக்கி வைக்க வேண்டும். சுவீடனில் அப்படி அறுவை செய்துகொண்ட 16,983 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து 2007ல் எழுதினார்கள். 13 வயதுக்கு முன் இறக்கியவர்களுக்கு மற்ற ஆண்களைப் போல 2.23 மடங்கு ஆபத்து. 13க்கு மேல் இறக்கியவர்களுக்கு 5.40 மடங்கு. இறக்கி வைத்தாலும் ஆபத்து முழுதாகப் போகவில்லை என்பது கருவில் விழுந்த குறை. சீக்கிரம் இறக்கினால் குறைகிறது என்பது வயிற்றுச் சூடும் பருவ வயதின் ஹார்மோனும் அந்தச் செல்லுக்குக் கொடுக்கிற தீனி. பருவத்தில் லெய்டிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்க ஆரம்பித்த பிறகுதான் தூங்கிக்கொண்டிருந்த முன்நிலைச் செல் பெருகுகிறது. அதனால்தான் இந்த நோய் பத்து வயதில் வராமல் இருபதுகளில் வருகிறது.

இப்போதைய வழிகாட்டல் 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் அறுவை முடிய வேண்டும் என்கிறது. நம்ம பக்கத்தில் "வளந்தா தானா எறங்கிடும், எங்க வூட்ல எல்லாருக்கும் லேட்டாத்தான் எறங்குச்சி" என்று பள்ளிக்கூடம் போகிற வயசு வரை விட்டு வைப்பார்கள். சில பேர் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் தனியாக வந்து நிற்பதும் உண்டு. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்கத் தோதான ஆள் ஒருவர் நம் வீடுகளில் இருக்கிறார்: குழந்தைக்குக் குளிக்க ஊத்துகிறவர். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே குப்புறவும் மல்லாக்கவும் போட்டு, எண்ணெய் நீவி, வெந்நீர் ஊத்தும்போது குழந்தையின் உடம்பில் அந்தக் கை படாத இடம் கிடையாது. வெந்நீரில் பை தளர்ந்து, கூச்சத்தில் மேலே ஏறி ஒளிந்துகொள்கிற விதைகூட இறங்கி வரும். அப்போதும் பை காலியாக இருந்தால் நிஜமாகவே இறங்கவில்லை என்று அர்த்தம். மருத்துவமனையின் ஏசி அறையில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் பார்ப்பதைவிட இது தெளிவாகத் தெரியும். தடுப்பூசிக்கு வருகிறவர்களிடம் கிராம செவிலியர்கள் இந்த ஒரு கேள்வியைப் பாட்டியிடம் கேட்டால் போதும்.

ஆம்பூர்ப் பையனுக்குக் கவட்டி வழியாக அறுத்துத்தான் எடுத்தார்கள். பையில் கத்தி வைக்க மாட்டார்கள். விதை வயிற்றிலிருந்து இறங்கியது. அதன் நிணநீர் வடிகால் இன்னமும் சிறுநீரகம் பக்கம்தான் போகிறது. பையின் தோலுக்கு வடிகால் தொடை இடுக்கில். தோலைக் கிழித்தால் நோய்க்கு இரண்டாவது பாதையையும் நாமே திறந்துவிட்ட கணக்கு. அவனுக்கு முழுக்க செமினோமா, வெளியே பரவவில்லை. பக்கத்து பிளாக்கில் நான் மேலே சொன்னதெல்லாம் இருந்தது.

அடுத்தது மிச்சம் இருக்கும் விதை. ஒரு பக்கம் வந்தவர்களில் 100க்கு 5 பேருக்கு அடுத்த பக்கத்திலும் முன்நிலைச் செல் இருக்கும். டென்மார்க்கில் அறுவையின்போதே அடுத்த பக்கத்திலும் ஊசிமுனை அளவு திசு எடுத்துப் பார்ப்பார்கள். பல நாடுகளில் விதை சிறுத்தவர்களுக்கும் சின்ன வயதில் இறங்காமல் இருந்தவர்களுக்கும் மட்டும். இருக்கிறது என்று தெரிந்தால் 20 கிரே அளவுக்குள் கதிர்வீச்சு கொடுத்து அந்தச் செல்லை ஒழித்துவிடலாம். செர்டோலி செல்கள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் லெய்டிக் செல்கள் அடிபட்டு வாழ்நாள் முழுக்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட வேண்டி வரலாம். குழந்தைக்கான வாய்ப்பும் போய்விடும். இவனுக்கு ஸ்கேனில் அடுத்த விதை நல்ல அளவில், சுண்ணாம்புத் துகள் இல்லாமல் இருந்தது. திசு எடுக்காமல், மாதாமாதம் வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு தானே தொட்டுப் பார்க்கவும், ரத்தமும் ஸ்கேனும் ஒழுங்காக எடுக்கவும் சர்ஜன் சொல்லிவிட்டார்.

ரத்தம் கொடுக்க அவன் வந்த ஒரு நாள் அத்தையும் கூட வந்திருந்தாள். அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், பன்னிரண்டாவது படிக்கிறான், அவனுக்கும் வருமா என்று அம்மா கேட்டு அனுப்பியிருந்தாள். கூடப்பிறந்தவனுக்கு 8 முதல் 10 மடங்கு ஆபத்து என்பது கணக்கு. ஆனால் லட்சத்தில் ஒன்றுக்கும் கீழான எண்ணைப் பத்தால் பெருக்கினாலும் அது சின்ன எண்தான், பயப்படாமல் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சின்ன வயசில் இரண்டும் இறங்கியிருந்ததா என்றும் கேட்டார். பையன் திருதிருவென்று முழித்தான்.

"ரெண்டு பேருக்கும் நான்தான் குளிக்க ஊத்தனேன்" என்றாள் அத்தை. "சின்னவனுக்கு ரெண்டும் இருந்துச்சி. இவனுக்குத்தான் ஒண்ணு ஒரு வருஷம் வரைக்கும் கைக்கு ஆம்புடவே இல்ல. அப்பறம் எறங்கிடுச்சி, உட்டுட்டோம்."

டாக்டரம்மா பையனின் ஃபைலை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு அத்தை கொஞ்சம் யோசித்து, தன் முழங்காலில் குழந்தையைப் போடுகிற மாதிரி கையை வைத்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் என்றாள். எடுத்ததும் இடதுதான்.